விருமாண்டிக்குக் காட்டாத பாலம்

ஆரப்பாளையத்தில் நான் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ கொத்தனார்களையும் மேஸ்திரிகளையும் பார்த்துவிட்டேன். குடிகாரன், கோபக்காரன், கலவையில் மண்ணைக் கூட்டிப் பணக்காரனானவன், கூட்டாமல் பட்டினி கிடந்தவன் என்று எல்லா ரகமும் வந்துபோகும் கடை இது. சிமெண்டும் சுண்ணாம்பும் விற்பேன். சென்ட்ரிங் பலகையும் சவுக்குக் கம்பும் வாடகைக்கு விடுவேன். இத்தனை பேரில் செத்துப்போனவர்களைப் பார்த்து வயிறெரிந்த ஆள் ஒரே ஒருவன்தான். அதுவும் ரெண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்தவர்கள், ரோமாபுரிக்காரர்கள். அந்த வயிறெரிச்சல்காரன் பெயர் விருமாண்டி.

உயிரோடு இருப்பவர்களை அவன் விட்டுவைத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கே.கே. நகரில் சம்பளக்காரர்கள் வீடு கட்ட ஆரம்பித்த காலம் அது. விருமாண்டிக்கும் அங்கே கைநிறைய வேலை இருந்தது. வேலையும் சுத்தமாக இருக்கும், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் என் கடைக்கு வந்தால் தனக்கு வேண்டியதைக் கேட்கமாட்டான். "சங்கிலி அண்ணே, நேத்து யாரு சரக்கு எடுத்தா? எங்க போகுது?" என்பதுதான் முதல் கேள்வி. நான் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. சைக்கிளை மிதித்துக்கொண்டு அடுத்தவன் கட்டும் வீட்டு வாசலில் போய் நிற்பான். சுவரைப் பார்ப்பான், மூலையைப் பார்ப்பான், படிக்கு அடியில் குனிந்து பார்ப்பான்.

அவன் முகத்தை நான் படித்து வைத்திருந்தேன். கட்டடத்தில் எங்காவது ஒரு குறை கண்டுவிட்டால் அவன் முகம் மலர்ந்துவிடும். "அருமையாக் கட்டிருக்கீக" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு, டீ வாங்கிக் குடித்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குவான். குறை ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் முகம் கறுத்துவிடும். டீ வேண்டாம் என்பான். அன்றைக்கு ராத்திரி புரண்டு புரண்டு படுத்துத் தன்னையும் தூங்கவிடமாட்டான் என்று அவன் பெண்டாட்டி முத்துத்தாய் என்னிடமே வந்து புலம்பியிருக்கிறாள்.

கோரிப்பாளையத்தில் ஒரு பாய் புதுவீடு கட்டி முன்னால் போர்ட்டிகோ இறக்கியிருந்தார். விருமாண்டி போய்ப் பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பிரமாதம் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தான். கொஞ்ச நாளில் போர்ட்டிகோ விரிசல் விட்டுத் தொங்கியது. பாய் நேரே என் கடைக்கு வந்து, "உங்க ஆளோட நஜர், பொல்லாத கண்ணு, பட்டுருச்சு சங்கிலி" என்று கத்தினார். கம்பி பத்தாமல் போட்டிருந்ததை விருமாண்டி அன்றைக்கே பார்த்திருக்கிறான். பிறகுதான் என்னிடம் சொன்னான்.

"தெரிஞ்சா அங்கயே சொல்லவேண்டியதுதானடா?"

"என்கிட்டயா வேலையக் குடுத்தாக? குடுத்தவன்கிட்டக் கேக்கட்டும்."

அன்றிலிருந்து அவன் கண்ணுக்குப் பேர் வந்துவிட்டது. அவன் சைக்கிள் தெருவில் திரும்பினாலே கட்டடத்தில் நிற்பவர்கள் பூசணிக்காயைத் தூக்கி முன்னால் தொங்கவிடுவார்கள். ஒரு மேஸ்திரி திருஷ்டிப் பொம்மைக்கு விருமாண்டியின் மீசையையே வரைந்து மாட்டியிருந்தான். அதையும் போய்ப் பார்த்துவிட்டு, "மீசை ஒரு பக்கம் எறங்கியிருக்கு" என்று சந்தோஷப்பட்டான் அந்தப் பாவி.

இப்படி ஊருக்குள் இருப்பவர்களோடு நின்றிருந்த பொறாமை கடல் கடந்தது தவசியால். தவசி முத்துத்தாயின் தம்பி. விருமாண்டியின் தங்கை பாண்டியம்மாளைக் கட்டியவன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. தவசியும் கொத்தனார்தான், ஆனால் விருமாண்டிக்குக் கீழே நின்று கல் எடுத்துக் கொடுத்தவன். ஏஜெண்டு ஒருவரைப் பிடித்து லிபியாவுக்குப் போனான். எழுபத்தொன்பதில் திரும்பி வந்தபோது ஒரு டேப்ரிக்கார்டர், ஒரு கம்பளி, ஒரு கூலிங் கிளாஸ், அப்புறம் அங்கே அவனுக்கு மேலாளாக இருந்த இத்தாலிக்கார ஃபோர்மேன் கொடுத்த காலண்டர் ஒன்று, இவ்வளவும் கொண்டுவந்தான். டேப்ரிக்கார்டரைப் பார்த்து ஊரெல்லாம் வயிறெரிந்தது. விருமாண்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கண் காலண்டரில் நின்றுவிட்டது.

மாதத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றும் ரோமாபுரிக்காரர்கள் கட்டியது. ஆற்றுக்கு மேலே மூன்றடுக்காக வளைவு வளைவாக நின்று தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும் பாலம். உச்சியில் வட்டமாகத் திறந்து வானம் தெரியும் பெரிய குவிமாடம். மலையைப் பார்த்து நேராகப் போகும் கல்ரோடு. ஆள் நடந்துபோகும் அளவுக்கு வளைவு கட்டின சாக்கடை. தவசி வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடலோரம் அவர்களுடைய பழைய ஊர் ஒன்று கிடந்ததாம். லீவு நாளில் போய் அந்த வளைவுகளைத் தடவிப் பார்த்திருக்கிறான்.

"சிமெண்டு?" என்று கேட்டான் விருமாண்டி. என் கடையில் வைத்துத்தான் இந்தப் பேச்சு நடந்தது.

"இந்தக் காலத்துச் சிமெண்டு ஏது மச்சான்? சுண்ணாம்புல எரிமலைச் சாம்பலக் கலந்துருக்காய்ங்க. இந்தா, இந்தத் தண்ணிப் பாலத்துப் பெரிய வளைவுல அதுவும் இல்லையாம். வெறுங் கல்லு."

"கம்பி?"

"மூச்."

"அப்ப எப்புடிடா நிக்குது?"

"எல்லாக் கல்லும் கீழ விழத்தான் பாக்குது மச்சான். ஆனா பக்கத்துக் கல்லு விடமாட்டேங்குது. ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கிட்டே நிக்குது. ரெண்டாயிரம் வருசமா."

"நம்ம சொந்தபந்தம் மாதிரிதான்" என்றேன் நான். தவசி சிரித்தான். விருமாண்டி சிரிக்கவில்லை. முகம் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"நம்ம ராசா கட்டின மஹால் தூணு என்ன மட்டமா? செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கட்டிப்பிடிக்க முடியுமா உன்னால?"

"மஹாலு நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்னூறு வருசந்தான மச்சான் ஆகுது."

விருமாண்டி மறுநாளே மஹாலுக்கு டிக்கெட் எடுத்துப் போய், தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்து, இன்னும் ஆயிரத்து எழுநூறு வருடம் நில்லுங்கள் என்று வேண்டிக்கொள்ளாத குறையாகத் திரும்பி வந்தான்.

முத்துத்தாய் செய்தது அதைவிடக் கொடுமை. மாதம் முடிந்து தம்பி வீட்டில் காலண்டர் தாள் கிழித்ததும் அதை வாங்கி வந்து தன் வீட்டுச் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டிவிடுவாள். தம்பி கொண்டுவந்ததாயிற்றே! வருடம் முடியும்போது விருமாண்டி படுக்கிற இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ரோமாபுரி. அவன் ஒவ்வொரு படமாகக் குறை தேடிப் பார்த்தான். குவிமாடத்தைப் பார்த்து, "உச்சிய மூடத் தெரியாம ஓட்டைய விட்டுட்டுப் போயிட்டான்" என்றான். ரோட்டைப் பார்த்து, "இம்புட்டு நேராப் போகுதே, அவன் ஊர்ல யாருக்கும் பட்டா நிலம் கிடையாதா?" என்று கேட்டான். பாதி இடிந்த வட்டமான விளையாட்டு மைதானத்தின் படம் வந்த மாதம்தான் அவன் கொஞ்சம் சாப்பிட்டுத் தேறினான். தண்ணீர்ப் பாலத்தில் மட்டும் அவனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் படத்தின் மேல் துண்டைப் போட்டு மறைத்து வைத்தான்.

இன்னொன்றும் தவசி சொல்லியிருந்தான். அந்தக் காலத்தில் வளைவு கட்டி முடித்து அடியில் தாங்கி நிற்கும் சாரத்தைப் பிரிக்கும்போது, கட்டின மேஸ்திரி அதற்கடியில் போய் நிற்கவேண்டுமாம். ஃபோர்மேன் சொன்னாராம். "நெசமோ கதையோ தெரியாது" என்று தவசியே ஒப்புக்கொண்டான். ஆனால் அதைச் சொல்லும்போது தானே அங்கே நின்றவன் போல நெஞ்சை நிமிர்த்தினான்.

இந்த நிலைமையில்தான் ஊரில் பாலம் கட்டும் பேச்சு வந்தது. விருமாண்டிக்கும் தவசிக்கும் சொந்த ஊர் இங்கிருந்து மேற்கே நல்லமரத்துப்பட்டி. குலசாமி கோயில் ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம். மாசி மாதக் குலசாமி கும்பிடான மாசிப் பச்சைக்கு, சாமி சாமான்கள் இருக்கும் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பங்காளிகள் எல்லாம் அந்த ஓடையைத் தாண்டித்தான் போகவேண்டும். கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்த வருடங்களில் பெட்டி தூக்குகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் தடுமாறினார்கள். பாலம் கட்டிவிடலாம் என்று ஊர்ப்பெரியவர் நல்லகாமன் முடிவெடுத்தார். அப்போது சிமெண்ட் பெர்மிட்டில் கிடைத்துக்கொண்டிருந்த நேரம், அதுவும் அலைந்தால்தான். கல்லுக்குப் பஞ்சமில்லை, பக்கத்திலேயே மலை.

வேலை தனக்குத்தான் என்று விருமாண்டி நினைத்திருந்தான். ஊரில் மூத்த மேஸ்திரி அவன்தானே. சாமி போகிற பாலத்தைக் கட்டியவனுக்கு மாசிப் பச்சையன்று கோயில் வாசலில் தலைப்பாகை கட்டுவார்கள், அவன் பேரைச் சொல்லித்தான் ஊர் அந்தப் பாலத்தைக் கூப்பிடும். கூட்டத்தில் தவசி எழுந்து, சிமெண்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், ரோமாபுரி முறையில் கல்லைக் கோத்து வளைவாக நிறுத்துகிறேன் என்றான். வேலை அவன் கைக்குப் போய்விட்டது.

"வயிறு எரியுதுண்ணே" என்று என் கடையில் வந்து உட்கார்ந்தான் விருமாண்டி. மறைத்துப் பேசத் தெரியாது அவனுக்கு. "என்கிட்டக் கரண்டி பிடிக்கப் பழகுனவன். இன்னிக்கு அவன் கட்டுற பாலத்துல நான் நடந்துபோகணுமாம். எரியுதுண்ணே. மோர் குடிச்சாலும் எரியுது."

அடுத்து நடந்தது அவனை இன்னும் எரியவிட்டது. வேலை ஆரம்பித்த அன்றே நல்லகாமன், விருமாண்டி கண் படாமல் பாலம் வளரவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஓடையின் இரண்டு கரையிலும் கம்பு நட்டுத் தென்னந்தட்டியை வரிசையாகக் கட்டி இடத்தையே மறைத்துவிட்டார்கள். அதற்குக் கம்பு கொடுத்ததே நான்தான். தட்டிகளை முன்னால் நின்று கட்டியவள் யார் என்று நினைக்கிறீர்கள்? பாண்டியம்மாள், அவன் கூடப்பிறந்த தங்கை.

"என்னத்தா, சொந்த அண்ணன்தான அவன்?" என்று கேட்டேன்.

"சொந்த அண்ணன்கிறதுனாலதான் பயமா இருக்கு. சின்னதுல எனக்குப் புதுச் சட்டை எடுத்தா மறுநாளே கிழிஞ்சிரும். அம்புட்டுக் கண்ணு" என்றாள்.

விருமாண்டி சும்மா இருப்பானா? வேலையைப் போட்டுவிட்டு அங்கே போய்த் தட்டியைச் சுற்றி நடப்பான். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பான். உள்ளே இருப்பவர்கள் விரட்டுவார்கள். பிறகு என்னிடம் வந்து, "கல்ல எப்புடிண்ணே கொத்தியிருக்கான்?" என்று கேட்பான். நான் சரக்கு இறக்கப் போய்வந்தவன். "வெண்ணெய்க் கட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது" என்பேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் முகம் கறுப்பதைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

தை கடைசியில் பாலம் முடிந்தது. அந்த வருடம் மறுகால் பாய்ந்து ஓடையில் கொஞ்ச நாள் தண்ணீர் நின்று அப்போதுதான் வடிந்திருந்தது. மாசிப் பச்சைக்கு முன்னால் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். நல்ல நேரம் பார்த்து ஒரு காலையில் ஊரே கரையில் கூடியது. என் பலகையும் கம்பும் திரும்பவேண்டியிருந்ததால் நானும் போயிருந்தேன். கண் படுவது பட்டுப்போகட்டும், வேலைதான் முடிந்துவிட்டதே என்று தட்டிகளை அவிழ்த்தார்கள்.

எல்லோரும் வளைவைப் பார்த்தார்கள். நான் விருமாண்டியின் முகத்தைப் பார்த்தேன். கறுத்தது. கல் ஒவ்வொன்றும் அப்படி இழைந்திருந்தது. உச்சியில் நடுக்கல்லில் தவசி ஒரு சூலம் வேறு செதுக்கியிருந்தான். விருமாண்டி மேற்குக் கரைக்குப் போனான், குனிந்து பார்த்தான். கிழக்குக் கரைக்குப் போனான். அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது.

அவன் நேரே என்னிடம்தான் வந்தான்.

"அண்ணே, தள்ளுது" என்றான். குரலில் அப்படி ஒரு குதூகலம். "நேத்துச் சாயங்காலம் சாரத்து ஆப்பை லேசா எளக்கி விட்டுருக்கான். அதுக்கே கிழக்குச் சுவருக்குப் பின்னால மண்ணு உப்பி வெடிச்சிருக்கு. மேக்க அடியில சுக்கான் பாறை, அசையாது. கிழக்க பழைய கண்மாய்க் கரம்பை, ஈரம் பட்டா வழுக்குற களிமண்ணு. கே.கே. நகர்ல இந்தக் கரம்பையோட நான் மல்லுக்கட்டாத நாளா? ரெண்டு பக்கமும் ஒரே ஆழம் தோண்டிருக்கான் வெளங்காதவன். சாரத்தை உருவினா வளைவு காலை அகட்டிக்கிட்டு உக்காந்துரும்."

"போய்ச் சொல்லுடா!"

"நான் எதுக்குச் சொல்லணும்? தட்டி கட்டுனாய்ங்கள்ல? தட்டிகிட்டக் கேக்கட்டும்."

அப்போது கொட்டுச் சத்தம் கேட்டது. தவசி கழுத்தில் மாலையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினான். ரோமாபுரி மேஸ்திரி மாதிரி வளைவுக்கடியில் நடுவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கரையில் பாண்டியம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். விருமாண்டி தங்கையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

நல்லகாமனிடம் ஓடினான். "பெரியப்பா, நிறுத்தச் சொல்லுங்க. கிழக்க மண்ணு தள்ளுது. இடிஞ்சு விழுந்துரும்."

"இன்னிக்குமாடா?" என்றார் நல்லகாமன். "நல்ல நேரத்துல வாயில வர்ற வார்த்தையா இது?"

கூட்டம் கத்த ஆரம்பித்தது. யாரோ அவன் மேல் மண்ணை எறிந்தார்கள். பாண்டியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன், இன்னிக்கு ஒருநாள் மட்டும் பேசாம இருண்ணே" என்று அழுதாள்.

"மாப்ள, வெளிய வாடா!" என்று ஓடையைப் பார்த்துக் கத்தினான் விருமாண்டி.

தவசி அடியில் நின்றபடியே சொன்னான்: "மச்சான், பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்."

அங்கிருந்த ஒருவரும் விருமாண்டியை நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? உண்மையைச் சொல்லவேண்டிய நாளிலெல்லாம் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனவன். அவன் துண்டை உதறி இடுப்பில் கட்டினான். இதற்கு முன் நான் கேட்டிராத ஒரு குரலில் சத்தம் போட்டான்.

"ஆமாடா, பொறாமைதான்! பொண்ணு குடுத்தவன் நான். மூத்த மச்சான் நான். என்னைய ஒதுக்கிவச்சிட்டு இவன் மட்டும் மாலையப் போட்டுக்கிட்டு நிப்பானா? மச்சான் மரியாதை எங்க? எனக்கு மரியாதை செய்யாம ஒருத்தனும் சாரத்துல கை வைக்கக்கூடாது!"

இது எல்லோருக்கும் புரிந்த பேச்சு. மண்ணு தள்ளுது என்றால் கேட்காத ஊர், மச்சான் மரியாதை என்றதும் கேட்டது. பெண் கொடுத்த வீட்டு மச்சானுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் அங்கே ஒரு காதுகுத்துகூட நடக்காது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டு, "சரிடா, நீயும் போய் நின்னு தொலை" என்றார்.

"நீயும் இல்ல. மூத்தவன் நிக்கையில எளையவன் எதுக்கு? நான் மட்டுந்தான் நிப்பேன்."

தவசி ஓடையிலிருந்து மேலே வந்தான். முகம் சிவந்திருந்தது. மாலையைக் கழற்றி விருமாண்டியின் கழுத்தில் போட்டான். அவன் போட்ட வேகத்தில் பூ பாதி உதிர்ந்தது.

விருமாண்டி இறங்கினான். நடுவில் நிற்கவில்லை. மேற்குச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். "நின்னாலும் ஓரமாத்தான் நிக்கிறான் பாரு" என்று கூட்டம் சிரித்தது. "உள்ள ஒருத்தனும் வரக்கூடாது. ஆப்புல கயித்தக் கட்டி வெளிய இருந்து இழுங்கடா" என்று அதட்டினான். அதிகாரம் வேறா என்று ஒருவன் முணுமுணுத்தான். கயிற்றைக் கட்டி இழுத்தார்கள்.

சாரம் சரிந்தது. வளைவு நின்றது. குலவை ஆரம்பித்து இரண்டு மூச்சு ஆகியிருக்காது. நடுக்கல்லுக்குக் கீழே சுண்ணாம்பு கீறலாக வாய் பிளந்தது. சூலம் செதுக்கிய கல் கீழே இறங்கியது. அதன்பின் எல்லாக் கல்லும் ஒன்றை ஒன்று விட்டுவிட்டன. விருமாண்டி மேற்குப் பக்கம் பாய்ந்துவிட்டான், ஆனால் ஒரு கால் மட்டும் பின்னால் கல்லுக்கடியில் இருந்துவிட்டது.

புழுதி அடங்கியதும் ஊர் சொன்ன முதல் வார்த்தை, "கண்ணு". எல்லோரும் அதையே சொன்னார்கள். பாண்டியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, "என் புருசன் உழைப்பு பூராத்தையும் முழுங்கிட்டியேடா" என்று அவனைத் திட்டினாள். அவன் காலில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே திட்டினாள். பலகை ஏற்ற வந்திருந்த என் வேனில்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"இப்பவாச்சும் நெசத்தைச் சொல்லேன்டா" என்றேன் வழியில்.

"சும்மா வாங்கண்ணே" என்று பல்லைக் கடித்தான். கொஞ்ச தூரம் போனபின், "கல்லு என்னமாக் கொத்தியிருந்தான், பாத்தீகளா?" என்றான். அந்த வலியிலும் அவனுக்கு அதுதான் வலித்தது.

சில நாள் கழித்து தவசி ஆஸ்பத்திரிக்கு வந்தான். நானும் முத்துத்தாயும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். அவன் உட்காரவில்லை.

"கிழக்குச் சுவரத் தோண்டிப் பாத்தேன் மச்சான். அடியோட வழுக்கிப் போயிருக்கு. கரம்பை."

"ம்."

"தெரிஞ்சுதான் நின்னீகளா?"

"பொறாமையில நின்னேன். உன் கழுத்துல மட்டும் மால விழுறதப் பாக்கச் சகிக்கல. போடா."

தவசி போகவில்லை. முத்துத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். விருமாண்டி கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அந்தக் காலண்டர்க்காரய்ங்க தட்டி கட்டுனாய்ங்களாடா?"

"யாரு?"

"அதான், ரோமாபுரிக்காரய்ங்க. தண்ணிப் பாலம் கட்டையில சுத்தித் தட்டி கட்டி மறைச்சாய்ங்களா?"

"அது தெரியல மச்சான்."

"கட்டிருக்க மாட்டாய்ங்க. அந்த ஊர்லயும் என்னைய மாதிரி வயிறெரிஞ்சவன் இருந்திருப்பான்ல? அம்புட்டுப் பேரும் தெனம் வந்து எங்கடா ஓட்டைன்னு எட்டி எட்டிப் பாத்திருப்பாய்ங்க. அதான் இன்னும் நிக்குது."

தவசி அவன் காலைத் தொட்டுவிட்டு வெளியே போனான்.

அடுத்த வருடம் பாலத்தை மறுபடி எடுத்தார்கள். சிமெண்ட் போட்டே கட்டிவிடலாம் என்று ஊர் சொன்னது. தவசி கேட்கவில்லை. கல்தான், வளைவுதான், ஆனால் தட்டி கிடையாது என்றான். நல்லகாமன் பதறிப்போனார். "அவன் கண்ணு பட்டுத்தானடா போன தடவை..." என்று ஆரம்பித்தார்.

"கண்ணு படாததுனாலதான் விழுந்துச்சு பெரியப்பா. நான் கல்லுதான் படிச்சேன், மண்ணு படிக்கல. மச்சான் பாக்காத வேலைய இனி நான் செய்யமாட்டேன்" என்றான் தவசி, ஊர்க்கூட்டத்தில், எல்லோர் முன்னாலும்.

ஓடைக்கரையில் ஒரு புங்கமரம். அதற்கடியில் ஒரு நாற்காலி போட்டார்கள். கக்கத்தில் ஊன்றி நடக்கும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு விருமாண்டி நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து வயிறெரிந்தான். வாயைத் திறந்து குறை சொல்வான் என்று நினைக்காதீர்கள், அது அவன் பிறவியில் கிடையாது. எங்காவது கோணலைக் கண்டால் முகம் மலரும். தவசி வேலை நடுவில் அடிக்கடி திரும்பிப் பார்ப்பான். மச்சான் சிரிக்கிறார் என்றால் உடனே கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, எங்கே தப்பு என்று தேட ஆரம்பிப்பான். கிழக்குச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியபோது விருமாண்டி சிரித்துக்கொண்டே இருந்தான், இவர்களும் தோண்டிக்கொண்டே போனார்கள். அடியில் சுக்கான் தட்டிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

சாரம் பிரிக்கிற நாள் வந்தது. தவசி மாலையோடு வளைவுக்கடியில் நடுவில் போய் நின்றான். மச்சான் மரியாதையாக விருமாண்டிக்கு வேட்டியும் துண்டும் முதலிலேயே கொடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை ஊர் பாலத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் விருமாண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கட்டையை ஊன்றி மேற்கே போனான், கிழக்கே போனான். சுவருக்குப் பின்னால் மண்ணைக் கட்டையால் குத்திப் பார்த்தான். நடுக்கல்லுக்கு நேர் கீழே வரை இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தான். கடைசியில் அவன் மெதுவாக மேலே ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது.

"மச்சான் மூஞ்சி எப்புடி இருக்கு?" என்று கீழேயிருந்து கத்தினான் தவசி.

நல்லகாமன் குனிந்து விருமாண்டியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "கறுத்துருச்சுப்பா! நல்லாக் கறுத்துருச்சு!"

"அப்பச் சாரத்தப் பிரிங்கடா!"

பிரித்தார்கள். வளைவு நின்றது. குலவை முடிந்தும் நின்றது. சாமிப் பெட்டி தூக்குகிறவர்கள் ஓடிப்போய் அதன் மேல் குதித்துப் பார்த்தார்கள், அப்போதும் நின்றது. விருமாண்டியின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாண்டியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் சந்தோசத்துல அழுகுது" என்று தானும் அழுதாள்.

நான் மட்டும் பக்கத்தில் போய், "என்னடா?" என்றேன்.

"ஒரு குறையும் இல்லண்ணே" என்று விம்மினான். "ஒண்ணுகூட இல்லண்ணே."

மாசிப் பச்சையன்று கோயில் வாசலில் தலைப்பாகை தவசிக்குத்தான் கட்டினார்கள், பாலத்துக்குப் பெயரும் தவசி பாலம்தான். அன்றைக்கும் அதற்கடுத்த பல நாளும் விருமாண்டி தூங்கவில்லை என்று முத்துத்தாய் என் கடைக்கு வந்து சொன்னாள்.